மே/பா பிச்சையா, போஸ்ட்மேன்

சங்கரன்கோவில்
8-4-1979

மகன் காளிராஜுக்கு அப்பா எழுதுவது.

உன் கடிதம் வந்தது. நீ ஈராக்குக்குப் போய் எட்டு மாதம். அதில் இதுதான் முதல் கடிதம். நாலு வரி. அதில் ஒரு வரி தேதி.

காலை ரயிலில் வந்த பையைப் பிரித்துத் தெரு வாரியாக அடுக்கும்போது வெளிநாட்டுக் கவர் ஒன்று கையில் பட்டது. விலாசத்தில் என் பெயர். இருபத்தொன்பது வருஷமாக ஊருக்கெல்லாம் தபால் கொடுத்தவன், என் பெயரை விரல் வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தேன். ஆனாலும் அங்கேயே பிரிக்கவில்லை. சட்டம் என்று ஒன்று இருக்கிறதே. பையில் போட்டு, ஸ்டேஷன், பஸ் ஸ்டாண்டு, தேரடி, சன்னதித் தெரு எல்லாம் முடித்து, கடைசியாகப் பாவடித் தெருவில் நம் வீட்டு வாசலில் சைக்கிளை நிறுத்தினேன். "சார், போஸ்ட்" என்று நானே கூப்பிட்டேன். நானே உள்ளே போனேன். நானே வந்து வாங்கிக்கொண்டேன். எதிர் வீட்டுக் கருத்தப்பாண்டி தறியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான்.

"என்ன அண்ணாச்சி, தனக்குத் தானே பேசுதீரு?"

"ஏலே, வெளிநாட்டுத் தபாலுலே. சும்மா தூக்கிட்டுப் போயிற முடியுமா?" என்றேன்.

அம்மாவின் மூன்றாவது வருஷத் திவசம் பங்குனியில் முடிந்தது. நான் ஒருவனே செய்தேன். காக்கா சோற்றைத் தொடவில்லை. என் சமையல் என்று தெரிந்த காக்கா. உன் அம்மா இடது காலை இழுத்து இழுத்து அடுக்களையிலிருந்து வரும் சத்தம் கேட்டாலே பீடியை அணைத்துவிடுவேன், உனக்கு நினைவிருக்கும். இப்போது அணைக்கச் சொல்ல ஆளில்லை. ஒரு நாளைக்கு இரண்டு கட்டு போகிறது.

மூன்றாவது வரியில் நீ கேட்டிருப்பது: "கடைசிக் காலத்தில் அம்மா ஏன் எனக்கு ஒரு வரி கூட எழுதவில்லை? என்னைத் தேடவே இல்லையா?" இதை நீ மெட்ராஸிலிருந்து ஓடி வந்து வெறும் கட்டிலைப் பார்த்த அன்றும் கேட்டாய். ஈராக்குக்கு ரயிலேறின அன்றும் கேட்டாய். நான் பதில் சொல்லவில்லை என்றுதானே முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாய். நான் எட்டாம் வகுப்பு. பெரிய கேள்விக்கெல்லாம் பதில் எழுத வராது. நேரில் பேசுவோம்.

அங்கே என்ன சாப்பிடுகிறாய், யார் வீட்டில் இருக்கிறாய் என்று எழுது.

அப்பா
பிச்சையா


அமாரா, ஈராக்
5-5-1979

அப்பாவுக்கு,

நேரில் பேசுவோம் என்று மூன்று வருஷமாகச் சொல்கிறீர்கள். நேரில் இருந்தபோது தபால் கொடுக்கப் போய்விடுவீர்கள்.

யார் வீட்டில் இருக்கிறேன் என்று கேட்டீர்கள். கம்பெனி ஷெட்டில் வெக்கை தாங்காமல், ஆற்றங்கரையில் ஒரு வெள்ளி வேலைக்காரர் வீட்டு மாடியில் இருக்கிறேன். பெயர் சப்ரி. இவர்கள் முஸ்லிமும் இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. மாண்டாயர் என்று தனி ஜனம். ரொம்பப் பழைய மதம், ரொம்பக் கொஞ்சம் பேர். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வெள்ளை உடுத்தி ஓடுகிற ஆற்றில் முங்குகிறார்கள். தேங்கின தண்ணீர் ஆகாது. யாராவது செத்தால் அழக்கூடாது. அழுத கண்ணீர் ஆறாகி, செத்தவர் போகிற வழியை மறிக்குமாம்.

குருமாரில் மூன்று படி. சாதாரண குரு தர்மீதா. அதற்கு மேலே கன்ஸிப்ரா. எல்லாருக்கும் மேலே ஒருவர், ரீஷ் அமா. ஜனத்தின் தலை என்று அர்த்தம். தன் கையால் பலருக்குக் குருப்பட்டம் கட்டினவர்தான் அந்த இடத்துக்கு வர முடியும். அவர் போன வாரம் படகில் இங்கே வந்தார். எண்பது வயதிருக்கும். தலையிலும் தாடியிலும் கத்தி பட்டதே இல்லை. தன் சோற்றைத் தானே பொங்குகிறார், தன் தண்ணீரைத் தானே ஆற்றில் மொள்ளுகிறார். உடம்பில் ஒரு விரல் குறைந்தாலும் குருவாக முடியாது. கீழே உள்ள எல்லாக் குருமாரும் செய்கிற பிழைக்கு மேலே பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

அவர் வந்த காரணம் கேளுங்கள். சப்ரியின் சித்தப்பா மகன் ஒரு தர்மீதா. அவர் கன்ஸிப்ரா ஆக வேண்டும். அதற்குப் பரீட்சை மட்டும் போதாது. மேலே கடிதம் போக வேண்டும். நல்லபடி வாழ்ந்த ஒருவர் சாகப்போகும்போது, அவர் கையில் கொடுத்து அனுப்புவார்கள். கடிதம் என்றால் காகிதம் இல்லை. சின்னக் குப்பியில் நல்லெண்ணெய். வாயைக் களிமண்ணால் அடைத்து, இரும்பு மோதிரத்தால் முத்திரை. மோதிரத்தில் ஒரு பாம்பு தன் வாலைத் தானே கடித்தபடி வட்டமாக இருக்கிறது. உள்ளே சிங்கம், தேள், குளவி. நம் கோவில் உண்டியலில் போடுகிற தகட்டுப் பாம்பையும் தேளையும் பார்த்த மாதிரியே இருந்தது எனக்கு.

செத்தவர் நாற்பத்தைந்து நாள் நடக்க வேண்டும். வழியில் காவல் வீடுகள். கடைசியில் அபாத்தூர் என்பவர் தராசோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் கையில் குப்பி சேர்ந்தால்தான் இங்கே பட்டம் உறுதி.

இந்தத் தடவை கொண்டுபோனது சப்ரியின் தாயார், ஷாரத் அம்மாள். பத்து நாளாகப் படுக்கை. நேற்று ஆற்றுத் தண்ணீரில் குளிப்பாட்டி, மூச்சு இருக்கும்போதே வெள்ளை உடுத்திவிட்டார்கள். ரீஷ் அமா பக்கத்தில் நிற்க, தர்மீதா குப்பியைக் கொடுத்து, "இதை உன்னிடம் கொண்டுவந்தேன், நீ அவரிடம் கொண்டுபோ" என்றார். அந்த அம்மாள் தலையசைத்தது. வலப்பக்கப் பையில் குப்பியை வைத்தார்கள். பகல் இரண்டு மணிக்குப் போய்விட்டது.

ஒரு விஷயம் சொல்லுகிறேன். சிரிக்காதீர்கள். முந்தின நாள் ஃபேன் ரிப்பேர் பார்க்கக் கீழே போயிருந்தேன். அந்த அம்மாள் என்னைக் கூப்பிட்டு, "உன் தாய் அங்கேதான் இருக்கிறாள் என்று சப்ரி சொன்னான். ஏதாவது சொல்ல வேண்டுமா?" என்று கேட்டது. நான் கேட்கச் சொன்னேன். "கடைசியில் என்னை ஏன் கூப்பிடவில்லை?" அவ்வளவுதான். "எந்த இடத்தில் இருப்பாள்?" என்றது. என் சின்ன வயதில் நீங்கள் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்த மாதிரியே, என்னை அறியாமல் வாயில் வந்துவிட்டது. முப்பிடாதியம்மாள், மே/பா பிச்சையா, போஸ்ட்மேன், பாவடித் தெரு, சங்கரன்கோவில், இந்தியா. மூன்று தடவை சொல்லி மனப்பாடம் செய்துகொண்டது.

காளிராஜ்


சங்கரன்கோவில்
13-5-1979

மகனுக்கு,

உன்னிடமிருந்து பதில் வருவதற்குள் நானே எழுதுகிறேன். வீட்டில் பேச ஆளில்லாதவன் கடிதம் எழுதிக் கெடுவான்.

ஊரில் ஒரு வேடிக்கை. ஒரு வாரமாக என் பையில் நல்லெண்ணெய் மணக்கிறது. நான் எண்ணெய் வாங்கவில்லை. தலைக்குத் தேய்க்கலாம் என்றால் தேய்க்கத் தலையில் ஒன்றும் இல்லை. முதலில், ஐந்தாம் தேதி, ஸ்டேஷனில் ரயிலிலிருந்து இறங்கின பையிலேயே வாடை. ஸ்டேஷன் மாஸ்டருக்கு வந்த கார்டில் ஒரு கறை. போஸ்ட் மாஸ்டர் தாவீது அய்யா கார்டை மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"பிச்சையா, நீரு தபால் குடுக்கீரா, செக்கு ஆட்டுதீரா வே?"

"அய்யா, செக்கு மாடுன்னா நான்தான். எண்ணெய் என்னுது இல்ல" என்றேன்.

மறுநாள் ஆபீஸே பையைத் துவைத்துக் கொடுத்தது. போகவில்லை. தினம் ஒரு தபாலில் கறை. ஒன்றே ஒன்றில்தான். அதிலும் ஒரு ஒழுங்கு. முதலில் ஸ்டேஷன். இரண்டு நாள் கழித்து பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்கு வந்த இன்லண்டு. அப்புறம் தேரடி. நான் தினம் தபால் கொடுக்கிற பீட் வரிசையிலேயே அதுவும் போகிறது. வேலை தெரிந்த எண்ணெய்.

கறையை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். காலணா அளவு வட்டம். சுற்றிலும் பாம்பு மாதிரி ஒரு கோடு, தலையும் வாலும் சேருகிறது. நடுவில் ஒரு தேள். நம் கோவிலில் நேர்ந்துகொண்டு உண்டியலில் போடுகிற தேள் உருவம்தான். அம்மன் என்னமோ கேட்கிறாள் என்று ஒரு தகட்டுத் தேள் வாங்கிப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாளும் கறை. சரி, ரசீது வரவில்லை போலிருக்கிறது.

வேறொன்றும் விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அப்பா


சங்கரன்கோவில்
22-5-1979

காளி,

உன் ஐந்தாம் தேதிக் கடிதம் இன்று வந்தது. தபாலாபீஸ் மரத்தடியில் சைக்கிள் மேலேயே உட்கார்ந்து இரண்டு தடவை படித்தேன். என் பதின்மூன்றாம் தேதிக் கடிதம் நடுக்கடலில் இதைத் தாண்டிப் போயிருக்கும். அதை நீ படிக்கும்போது நான் கதை கட்டினேன் என்று நினைப்பாய். அப்போது எனக்கு உன் குப்பியும் தெரியாது, மோதிரமும் தெரியாது. தாவீது அய்யா சாட்சி.

மடையா, இப்படி விலாசம் சொல்வார்களா? போஸ்ட்மேன் பிள்ளைதானே நீ. செத்தவர் பெயரைப் போட்டு, மே/பா என்று உயிரோடிருப்பவன் பெயரைப் போட்டால், தபால் யார் வீட்டுக்குப் போகும்? மேற்பார்வைக்காரன் வீட்டுக்குத்தான் போகும். இது டிபார்ட்மெண்டு விதி. அந்த அம்மாள் நாற்பத்தைந்து நாள் வழியை விட்டுவிட்டு, அயல் ஊரில், பாஷை தெரியாமல், ஒவ்வொரு வாசலாக விசாரித்துக்கொண்டு வருகிறது என்றால் அதற்கு நீதான் பொறுப்பு. நான் வேடிக்கைக்குத்தான் சொல்லுகிறேன். எண்ணெய்க் கறைக்கு ஆயிரம் காரணம் இருக்கும்.

உன் பெரிய குருவை எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு பிரமோஷனுக்கு மேலே சிபாரிசுக் கடிதம், அதற்கு ஒரு ஆள், ஆள் போய்ச் சேரும்வரை உத்தரவு நிற்கும். எங்கள் ஆபீஸ் நடைமுறைதான். ஆனால் எல்லார் பிழைக்கும் தான் பதில் சொல்வதாக எங்கள் சூப்பிரண்டு யாரும் சொன்னதில்லை.

நேற்றுக் கறை பட்டது கருத்தப்பாண்டிக்கு வந்த கல்யாணப் பத்திரிகை. அவனுக்கும் நமக்கும் நடுவில் தெரு மட்டும்தான்.

இன்று எனக்கு உன் கடிதம் தவிர வேறு தபால் இல்லை. அதன் கவரை நான் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டாம் என்று தோன்றியது.

மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். ஓட்டலில் சாப்பிடுகிறேன். ஓட்டல் சாம்பார் நன்றாக இருக்கிறது என்று ஊரில் சொல்லிக்கொள்கிறேன்.

அப்பா


அமாரா
30-5-1979

அப்பாவுக்கு,

உங்கள் பதின்மூன்றாம் தேதிக் கடிதம் மூன்று நாள் முன்பு கிடைத்தது. கறையில் தேள் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை யாரிடமும் காட்டவில்லை. இங்கே வேறொன்று நடந்துவிட்டது.

இந்த நாற்பத்தைந்து நாளும் அந்தத் தர்மீதா தனியாக நாணல் குடிசையில் இருக்க வேண்டும். ஒரு வாரமாக அவருக்குக் கண்ணை மூடினால் ஒரே காட்சி. ஷாரத் அம்மாள் தன் வழியில் இல்லை. முன்பின் தெரியாத ஊரில், ஒடுக்கமான தெருவில், ஒரு வாசலில் நிற்கிறது. ஒரு கையில் குப்பி. இன்னொரு கையில் வேறென்னமோ. தெரு முழுக்க மரத்தில் மரம் அடிக்கிற சத்தம், டடக் டடக் என்று, ஓயாமல். அது என்ன சத்தம் என்று இங்கே யாருக்கும் தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது. விசைத்தறி.

எங்கள் தெருச் சத்தம் என்று சப்ரியிடம் சொன்னேன். நேற்றுப் பகலில் ரீஷ் அமா என்னைக் கூப்பிட்டார். தொடக்கூடாது என்பதால் நான் நாலு முழம் தள்ளி நின்றேன். அவர் சாதம் பொங்கிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார். "அவளிடம் நீ என்ன கொடுத்தாய்?"

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அடுப்பை மட்டும் அணைத்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை என்று பிறகு சப்ரி சொன்னார்.

"ஒரு ஆள் ஒரு கடிதம்தான் சுமக்கலாம்" என்றார். "இரண்டைச் சுமந்துகொண்டு போனால் தராசில் அவள் தட்டு இறங்கிவிடும். அவளும் போய்ச் சேர மாட்டாள், இவனும் கன்ஸிப்ரா ஆக மாட்டான். அவளை அனுப்பினது என் முன்னால் நடந்தது. ஆகையால் பிழை என்னுடையது."

நான் செய்ததற்கு அவர் எப்படிப் பொறுப்பு என்று கேட்டேன். "நான் இந்த இடத்தில் இருப்பதே அதற்குத்தான்" என்றார்.

என்ன செய்யலாம் என்று கேட்டேன். "யார் வாசலில் நிற்கிறாளோ அவர் அந்தச் சுமையை வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிக்கொண்டேன் என்று வாயால் சொல்ல வேண்டும். பதில் இருந்தால் பதிலைக் கொடுத்து, வெறுங்கையோடு அனுப்ப வேண்டும். பொய்யான பதில் கொடுத்தால் அதுவும் சுமைதான்."

நாற்பத்தைந்தாம் நாள் ஜூன் பதினேழு. இந்தக் கடிதம் அதற்குள் வந்து சேருமா தெரியவில்லை.

அப்பா, நான் இதை நம்புகிறேனா என்று கேட்காதீர்கள். சப்ரி என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. அவர் தாயாரை நான் வழியில் நிறுத்திவிட்டேன். உங்கள் வாசலில் யாராவது நின்றால் வாங்கிக்கொள்ளுங்கள். பதில் உங்களுக்குத் தெரிந்தால் சொல்லிவிடுங்கள். உங்களுக்குத் தெரியும் என்று எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு எண்ணம்.

காளிராஜ்


சங்கரன்கோவில்
14-6-1979

காளிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. நாற்பத்தைந்துக்கு நாலு நாள் முன்னால். ஈராக்கிலிருந்து எங்கள் டிபார்ட்மெண்டு இவ்வளவு வேகமாக ஒரு தபாலைக் கொண்டுவந்தது இதுதான் முதல் தடவை.

இனி வேடிக்கை இல்லாமல் எழுதப் பார்க்கிறேன். நடுவில் வந்துவிட்டால் பொறுத்துக்கொள். பயம் வந்தால் எனக்கு வாய் நிற்காது.

இன்று லீவு போட்டேன். பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்குள் போனேன். மூன்று வாரத்துக்குப் பிறகு உச்சிப்பொழுதில் என் வீட்டில் நான். பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு கதவைத் திறந்து வைத்து, நடையில் உட்கார்ந்தேன். தெரு முழுக்கத் தறி ஓடிக்கொண்டிருந்தது. சரியாகப் பன்னிரண்டரைக்குக் கரண்டு போனது. ஒரே சமயத்தில் எல்லாத் தறியும் நின்றது. அந்தச் சத்தம் நின்றால் நம் தெரு எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியும். காதில் பஞ்சடைத்த மாதிரி. கருத்தப்பாண்டி வீட்டு நாய் நம் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. குரைக்கவில்லை. வாலை ஆட்டவுமில்லை. யாரோ நின்றால் அவர்கள் முகத்தைப் பார்க்கிற உயரத்துக்குத் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தது.

நல்லெண்ணெய் வாடை வந்தது. வாசற்படியில் வெயில் நேராக விழுகிறது, ஒரு இடத்தில் மட்டும் விழவில்லை. ஒரு ஆள் அகலத்துக்கு.

எத்தனையோ வாசலில் நான் நின்றிருக்கிறேன். உள்ளே ஆள் இருந்துகொண்டே குரல் கொடுக்காவிட்டால் எவ்வளவு எரிச்சல் வரும் என்று எனக்குத்தான் தெரியும். மூன்று வாரமாக நான் அந்த அம்மாளுக்கு அதைத்தான் செய்திருக்கிறேன். எழுந்து நின்றேன்.

"தாயி, நான்தான் பிச்சையா. தபால் எனக்குத்தான். நான் வாங்கிக்கிட்டேன்" என்றேன்.

வெயில் விழாத இடம் அப்படியே இருந்தது. பதிலுக்கு நிற்கிறது என்று புரிந்தது.

காளி, அந்தப் பதில் என் தகரப் பெட்டியில் மூன்று வருஷமாக இருக்கிறது.

உன் அம்மா உன்னைத் தேடினாள். 1976 மார்ச் பதினேழாம் தேதி, பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாயைக் கூப்பிட்டு, உன் மெட்ராஸ் விலாசத்துக்கு ஒரு கார்டு எழுதச் சொன்னாள். என் கையில் கொடுத்து, "இன்னைக்கே போட்டுருங்க" என்றாள். இருபத்து நாலாம் தேதி உனக்கு எலக்ட்ரீசியன் பரீட்சை. கார்டு கிடைத்தால் விட்டுவிட்டு ஓடி வருவாய், ஒரு வருஷம் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். டாக்டர் பயமில்லை என்றும் சொல்லியிருந்தார். நாலு நாள் வைத்திருந்து போட்டால் என்ன என்று சட்டைப் பையில் வைத்தேன். ஊரார் தபாலை ஒரு நாள் பிந்திக் கொடுக்காதவன் உன் தபாலைப் பிடித்து வைத்தேன்.

தினமும் கேட்டாள். "கார்டு போட்டாச்சா?" போட்டாச்சு என்றேன். "அவன் பதில் ஒண்ணும் வரலையே?" தபால் லேட்டு என்றேன். இருபத்திரண்டாம் தேதி காலையில் போய்விட்டாள். நீ கார்டைப் பார்த்தும் வரவில்லை என்றே நினைத்துக்கொண்டு போனாள். அவள் கூப்பிடவில்லை என்று நினைக்கவிட்டு உன்னையும் மூன்று வருஷம் வைத்திருந்தேன். உனக்கு நான் அனுப்பினது தந்தி மட்டும்தான்.

அந்தக் கார்டை நான் படித்ததில்லை. அடுத்தவர் கார்டைப் படிக்கக்கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்று சொல்லிக்கொடுத்தார்கள். திருட்டுப் பொருளுக்கும் நான் அந்த மரியாதையைக் கொடுத்தேன், பார்.

இன்று பெட்டியைத் திறந்து எடுத்தேன். துணிக்கு அடியில், காய்ந்த இடத்தில் இருந்த கார்டு. ஓரத்தில் ஈர எண்ணெய். வாசலுக்கு வந்து, விலாசத்தை முதலில் வாசித்தேன், முறைப்படி. பிறகு உள்ளே இருந்ததை வாசித்தேன். நான்காவது வரியை மறுபடியும் ஒரு தடவை வாசித்தேன். படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து முடித்தேன்.

கார்டை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயே படித்துக்கொள். அது உன்னுடையது.

வாசித்து முடித்ததும் "இவ்வளவுதான் தாயி. இதுல பொய் இல்ல. இனி வெறுங்கையா போங்க" என்றேன். அழுகை முட்டியது. கண்ணீர் வழியை மறிக்கும் என்று நீ எழுதியிருந்தாயே, பல்லைக் கடித்துக்கொண்டேன்.

படியில் வெயில் விழுந்தது. நாய் எழுந்து தெருக்கோடி வரைக்கும் பார்வையால் வழியனுப்பியது.

அதற்கு முன்னால் ஒரு சத்தம் கேட்டது. வாசலிலிருந்து இல்லை, அடுக்களைப் பக்கத்திலிருந்து. அது என்ன சத்தம் என்று எழுத மாட்டேன். எழுதினால் அப்பனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்பாய். ஒன்று மட்டும் சொல்லுகிறேன். கையிலிருந்த பீடியை அணைத்துவிட்டேன்.

கரண்டு வந்து தறியெல்லாம் ஓட ஆரம்பித்தது. இதை எழுதி முடித்ததும் தபாலாபீஸில் போடப் போகிறேன். இன்றே.

பிச்சையா


[கடிதத்துடன் இருந்த கார்டு. பதினைந்து காசு அஞ்சலட்டை. தபால் முத்திரை இல்லை.]

சங்கரன்கோவில்
17-3-76

காளிக்கு அம்மா சொல்லி ஆறுமுகத்தாய் எழுதுவது. எனக்கு உடம்புக்கு முடியவில்லை. உன் மூஞ்சியைப் பார்க்கணும் போலிருக்கு. பரீட்சையை விட்டுட்டு ஓடி வராதே. முடிச்சிட்டு நிதானமா வா, நான் காத்திருப்பேன். நீ வர்றதுக்குள்ள எனக்கு என்னமும் ஆச்சுன்னா அப்பாவை வையாதே, அது ஒரு பயந்த மனுசன். வரும்போது நல்லெண்ணெய் வாங்கிட்டு வா, இங்கன கிடைக்கிறது காறுது.


அமாரா
2-7-1979

அப்பாவுக்கு,

கார்டு கிடைத்தது. நாலு நாளாகச் சட்டைப் பையிலேயே இருக்கிறது.

மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன். கை வரவில்லை. வையவும் கை வரவில்லை, வைய வேண்டாம் என்று எழுதியிருக்கிறதே. பரீட்சையை முடித்துவிட்டு வா என்றுதான் சொல்லியிருக்கிறது. நீங்கள் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, சட்டத்தை மீறி அதைப் படித்திருக்கக் கூடாதா?

இங்கே நடந்ததைச் சொல்லுகிறேன். ஜூன் பதினேழாம் தேதி ரீஷ் அமா ஆற்றில் இறங்கி நின்று, அந்தத் தர்மீதாவைக் கன்ஸிப்ரா என்று அழைத்தார். கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எல்லாருக்கும் சொன்னார். மூன்று நாளைக்கு முன்பே அவருக்கு அது தெரியும். பதினாலாம் தேதி பகலில், இங்கே பத்து மணி இருக்கும், அந்தத் தர்மீதா குடிசையை விட்டு எழுந்து வந்து, அவள் நகர்ந்துவிட்டாள் என்றாராம். மரச் சத்தம் நின்றது, அவள் திரும்பி நடந்தாள் என்று. உங்கள் கடிதம் அப்போது பாவடித் தெருவைக் கூடத் தாண்டியிருக்காது.

சப்ரி என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு டீ கொடுத்தார்.

ஊருக்குத் திரும்பும்போது ரீஷ் அமா படகில் ஏறின பிறகு என்னைக் கூப்பிட்டார். கரையில் நான், தண்ணீரில் அவர். "இன்னும் ஒன்று எனக்குப் புரியவில்லை" என்றார். "அவள் அந்த வாசலுக்குத் தனியாகத்தான் போனாள். திரும்பும்போது கூட ஒரு பெண் வந்திருக்கிறாள். உங்கள் நாட்டுச் சேலை. ஆற்று வழி வரைக்கும் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டிருக்கிறாள். இடது காலை இழுத்து இழுத்து நடந்தாள் என்கிறான் புதுக் கன்ஸிப்ரா. அது யார்?"

நான் பதில் சொல்வதற்குள் படகு நகர்ந்துவிட்டது.

ஆடித்தபசுக்கு லீவு கேட்டிருக்கிறேன். வருகிற தேதியைத் தந்தியில் சொல்லுகிறேன். அடுக்களைப் பக்கம் கேட்ட சத்தம் என்ன என்று நீங்கள் எழுத வேண்டாம். நேரில் சொல்லுங்கள்.

நல்லெண்ணெய் வாங்கி வருகிறேன்.

காளி